மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டு போங்கள்

குளியலறைச் சாக்கடை மூன்றாவது முறையாக அடைத்துக்கொண்ட அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு என்பார்கள். எனக்கோ ஒவ்வொரு முறை தலை வாரும்போதும் சீப்பில் ஒரு சிறு பந்து.

முதலில் போனது புதிதாகத் திறந்திருந்த ஒரு கூந்தல் பராமரிப்பு நிலையத்துக்கு. அங்கேதான் சறுக்கினேன். கேமராவை உச்சந்தலையில் வைத்து, முடிகளின் இடைவெளியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். அப்படிப் பெரிதாக்கினால் யார் தலையும் வறண்ட வயல்தான். எட்டு முறை நீராவியும் மசாஜும், மூலிகை எண்ணெய் இரண்டு புட்டி, தினம் ஒரு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. நவம்பரில் டெங்குவோடு படுத்துக் கிடந்ததற்கும் பிப்ரவரியில் முடி கொட்டுவதற்கும் முடிச்சுப் போட எனக்கும் தோன்றவில்லை.

ஐந்து முறை போன பின்னும் சாக்கடை அடைப்பது நிற்காததால், அரசு ஆயுர்வேத மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. புறநோயாளிச் சீட்டு பன்னிரண்டு மணியோடு சரியாம். "காலையில் வாருங்கள் அம்மா" என்று சொன்னவர், எத்தனை மணிக்கு என்று கேட்பதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார். மறுநாள் ஏழரைக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் நாற்பது பேர்.

அங்கிருந்த பெண் மருத்துவர் தலையைத் தொடவே இல்லை. முதலில் நாடி பார்த்தார். பிறகு, தலையைக் கோதி விழும் முடியில் ஒன்றைக் கொடுங்கள் என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, நுனியில் கடுகைவிடச் சிறிதாக இருந்த வெள்ளைக் குமிழைக் காட்டினார். வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடி இப்படித்தான் விழுமாம். "இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அந்த 18,000 ரூபாயை நினைத்து. பித்தமும் வாதமும் சேர்ந்து முடியை வேரோடு உதிர்க்கும், பிறகு கபமும் இரத்தமும் முடித் துவாரத்தை அடைத்தால் அந்த இடத்தில் முளைக்காது என்று பழங்கால ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் சொல்வதை விளக்கினார். உங்களுக்கு இன்னும் எதுவும் அடைபடவில்லை, இரத்தப் பரிசோதனை எடுத்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த கூத்து அந்த அறிக்கையில்தான். ஹீமோகுளோபின் 11.6. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. இரண்டும் புரிந்தன. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்ஹெச் மட்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்கிற மாதிரி வந்திருந்தது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இது இப்படிக் குறையுமாம், அதுதான் போலும் என்று தைராய்டு நிபுணரிடம் அனுப்பினார்கள். ஒரு வாரம் தூக்கம் போயிற்று. நிபுணர் என் கை நடுங்குகிறதா என்று பார்த்தார், கழுத்தைத் தடவினார், ஒன்றும் ஒத்துவரவில்லை. "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டதற்கு, எதுவும் இல்லை என்றேன். முடிக்கான வைட்டமினை யார் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பார்கள்? கிளம்பும்போது பேச்சுவாக்கில் பயோட்டின் என்றதும் உட்காரச் சொன்னார். தினம் 10 மில்லிகிராம். அவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில ஆய்வுமுறைகளில் தைராய்டு எண்கள் தாறுமாறாக வருமாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். டிஎஸ்ஹெச் 2.3. என் தைராய்டுக்கு ஒன்றுமே இல்லை.

ஆகவே பரிசோதனைக்குப் போகுமுன், விழுங்குவது எதுவானாலும், லேகியமோ வைட்டமினோ, ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடாதீர்கள். நான் முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் வீணாக்கினேன்.

ஆயுர்வேத மருந்து எளிதாகவே இருந்தது: உள்ளுக்கு நாரசிம்ம ரசாயனம், தலைக்கு நீலிபிருங்காதி எண்ணெய். இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அந்த மருத்துவரே கண்டிப்பாகச் சொன்னார். நீலிபிருங்காதியில் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியதும் உண்டு, நல்லெண்ணெயில் காய்ச்சியதும் உண்டு. கடையில் கேட்காமல் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து மூன்றே நாளில் தும்மலும் தலைபாரமுமாக உட்கார்ந்தேன். சளித் தொந்தரவு உள்ளவர்கள் இதை முன்பே சொல்லி வாங்குங்கள். நாமே காய்ச்சலாம் என்று அத்தை கரிசலாங்கண்ணிச் சாறு ஊற்றிச் செய்த எண்ணெய் பத்தே நாளில் ஊசிப்போனது. ஈரம் முழுக்க வற்றவில்லை. திரியில் நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று பொரியாமல் எரிய வேண்டும், அதுதான் பதம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜூலையில் சீப்பு ஏறக்குறைய சுத்தமாக வந்தது. காய்ச்சலால் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கும் என்கிறார்கள், ஆகையால் எண்ணெய்க்கு எத்தனை பங்கு, இரும்புக்கு எத்தனை பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நெற்றியோரத்தில் அரை விரல் நீளத்துக்குப் புது முடி முளைத்து, எத்தனை வாரினாலும் படியாமல் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த நிலையத்திலிருந்து மட்டும், மீதி மூன்று முறையை முடித்துக்கொள்ளச் சொல்லி இன்னமும் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கிறது.