'பொருள்' என்ற ஒரே சொல்லில் போன மதிப்பெண்: தத்துவ ஆப்ஷனல், கிரேக்கப் பகுதி

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வின் மதிப்பெண் வந்துவிட்டது. என் ஆப்ஷனல் (விருப்பப் பாடம்) தத்துவம். அதன் முதல் தாளில் போன முறை 96, இந்த முறை 131. இறுதிப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. மூன்று நாளாக நிம்மதியாகத் தூங்குகிறேன். தமிழில் மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) எழுதப் போகிற தம்பி தங்கைகள் சிலர் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் பகுதி மட்டும்தான்.

முதலில் என் தவறு. முதல் முயற்சியில் ஒரு பயிற்சி மையத்தின் தமிழ்க் குறிப்பை நம்பிப் படித்தேன். அதில் சப்ஸ்டன்ஸுக்கும் (அடிப்படையாக இருப்பது) 'பொருள்', மேட்டருக்கும் (ஒன்று எதனால் ஆனதோ அது) 'பொருள்'. படிக்கும்போது இடம் பார்த்துப் புரிந்துகொண்டேன், அதனால் உறுத்தவில்லை. தேர்வில், "பொருள் என்பது பொருளும் வடிவமும் சேர்ந்தது" என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரியில், "ஆனால் பொருள் மட்டும் பொருள் ஆகாது" என்று எழுதினேன். அரிஸ்டாட்டில் சொன்னதைத்தான் எழுதினேன். ஆனால் அந்தத் தாளைத் திருத்துகிறவர் அதில் எதைப் பிடித்துக்கொள்ள முடியும்? வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அன்று இரவு சாப்பிட முடியவில்லை.

தமிழில் பொருள் என்றால் அர்த்தம், செல்வம், பண்டம், அறம் பொருள் இன்பத்தில் வரும் பொருள், பொருளதிகாரத்துப் பொருள், எல்லாம்தான். இவ்வளவு சுமக்கிற சொல்லின் தலையில் அரிஸ்டாட்டிலின் இரண்டு முக்கியமான கருத்துகளையும் ஏற்றக் கூடாது. இரண்டாவது முறை நான் முதலில் செய்த வேலை புத்தகம் திறப்பது இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சொற்களை முடிவு செய்ததுதான். அதற்கு இரண்டு வாரம் ஆனது.

நான் வைத்துக்கொண்டவை:

ஊசியா (சப்ஸ்டன்ஸ்): உள்பொருள். கிரேக்கத்தில் இது 'இருத்தல்' என்ற வினையிலிருந்து வந்த சொல். தமிழிலும் 'உள்' என்றால் இருப்பது. ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல்லே மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஹூலே (மேட்டர்): மூலப்பொருள். இதற்கு நேர்ப்பொருள் மரக்கட்டை. சிலர் 'சடம்' என்று எழுதுகிறார்கள், வேண்டாம். சடம் என்றால் அறிவற்றது என்று நம் மரபில் ஒரு அர்த்தம் ஏறிவிட்டது. அரிஸ்டாட்டிலுக்கு ஹூலே ஒரு தனி வகைப் பண்டம் இல்லை, எதற்கு எது என்ற உறவு. சிலைக்கு வெண்கலம் ஹூலே, அசைக்கு எழுத்துகள் ஹூலே.

எய்டோஸ் (ஃபார்ம்): பிளேட்டோவிடம் மூலவடிவம், அரிஸ்டாட்டிலிடம் வடிவம். இருவரும் பயன்படுத்துவது ஒரே கிரேக்கச் சொல் என்பதை விடையில் ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள். வடிவம் பொருள்களை விட்டுப் பிரிந்து நிற்கிறதா, பொருளுக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் சண்டை.

டூனமிஸ், எனெர்கேயா: உள்ளாற்றல் (ஒன்றாக ஆகக்கூடிய நிலை), செயல்நிலை (ஆகிவிட்ட நிலை).

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் கலைச்சொல்லுக்கு மட்டும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஆங்கிலச் சொல்லைத் தரலாம் என்று விதியே இருக்கிறது. முதல் முறை அதை நான் பயன்படுத்தவே இல்லை. தமிழில் எழுத வந்துவிட்டு ஆங்கிலம் எதற்கு என்ற வீம்பு. இந்த முறை ஒவ்வொரு விடையிலும் சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும், ஒரே ஒரு தடவை போட்டேன். 35 மதிப்பெண் கூடியதில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, இனி கேள்விகள்.

சாக்ரடீசுக்கு முந்தையவர்களைப் படிக்கணுமா? சிலபஸில் இந்தப் பகுதி பிளேட்டோவில்தான் தொடங்குகிறது. ஆனாலும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். எபேசஸ் ஊர் ஹெராக்ளிட்டஸ், எலியா ஊர் பார்மனிடிஸ், இந்த இரண்டு பேர் போதும். ஒருவர் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறார், இன்னொருவர் உள்ளது மாறவே மாறாது என்கிறார். பிளேட்டோ இளமையிலேயே ஹெராக்ளிட்டஸ் வழி வந்த கிராட்டிலஸின் கருத்துகளோடு பழகியவர் என்று அரிஸ்டாட்டிலே தன் மெட்டாபிசிக்ஸின் முதல் நூலில் சொல்கிறார். ஓடிக்கொண்டே இருப்பதைப் பற்றி அறிவு எப்படி அமையும் என்ற தவிப்பில்தான் மூலவடிவக் கொள்கை பிறக்கிறது. இந்தத் தவிப்பு தெரியாமல் அந்தக் கொள்கையை எழுதினால் அது வெறும் மனப்பாடம்.

பேசுவது சாக்ரடீசா, பிளேட்டோவா? சாக்ரடீஸ் எதுவும் எழுதவில்லை. கி.மு. 399இல் மரண தண்டனை. நமக்குக் கிடைப்பது பிளேட்டோ, செனபோன், கேலி செய்த நாடகக்காரர் அரிஸ்டோபனிஸ் ஆகியோர் காட்டும் சாக்ரடீஸ்தான். சாக்ரடீஸ் பொதுமைகளைத் தனிப் பொருள்களிலிருந்து பிரித்து வைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள்தான் பிரித்தார்கள் என்பது அரிஸ்டாட்டிலின் சாட்சி. தேர்வில் "பிளேட்டோவின் உரையாடலில் வரும் சாக்ரடீஸ்" என்று எழுதுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

மூலவடிவம் மனதில் இருக்கும் எண்ணமா? இல்லை. 'ஐடியா' என்ற சொல்லைப் பார்த்து 'எண்ணம்', 'கருத்து' என்று தமிழாக்கிவிடுவதால் வருகிற குழப்பம் இது. பிளேட்டோவே இதை எடுத்துப் பேசுகிறார். அவருடைய 'பார்மனிடிஸ்' என்ற உரையாடலில் இளம் சாக்ரடீஸ், "இவை மனதில் தோன்றும் எண்ணங்களாக இருக்கக் கூடாதா?" என்கிற மாதிரி கேட்கிறான். பெரியவர் பார்மனிடிஸ் அதை அங்கேயே தள்ளுகிறார்: எண்ணம் என்றால் ஏதோ ஒன்றைப் பற்றிய எண்ணமாகத்தானே இருக்க வேண்டும்? இந்த இடத்தை இரண்டு வரியில் எழுதினாலே போதும், மூலத்தைத் தொட்டவர் என்று தெரிந்துவிடும்.

மூலவடிவக் கொள்கைக்கு எதிரான மூன்றாம் மனிதன் வாதம் யாருடையது? பெயர் அரிஸ்டாட்டில் வழியாக வந்தது. வாதம் பார்மனிடிஸ் உரையாடலிலேயே இருக்கிறது, அங்கே எடுத்துக்காட்டு 'பெரியது'. பெரிய பொருள்களுக்கு ஒரு பொதுப் பெரியது. அந்தப் பொதுவும் பெரியதென்றால், அதையும் இவற்றையும் சேர்த்து இன்னொரு பொது. முடிவே இல்லை. "அரிஸ்டாட்டில் இந்த வாதத்தைக் கண்டுபிடித்து குருவை வீழ்த்தினார்" என்று எழுதாதீர்கள். 17 வயதில் பிளேட்டோவின் கல்விக்கூடமான அகாடமிக்கு வந்து, பிளேட்டோ இறக்கும்வரை 20 வருடம் அங்கேயே இருந்தவர் அவர். அந்தக் கூடத்துக்குள் குருவே தன் கொள்கையைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இதை உணர்ந்தபோது பிளேட்டோ மேல் எனக்கு இருந்த மரியாதை பல மடங்கு கூடியது.

அரிஸ்டாட்டில் உள்பொருளுக்கு இரண்டு விடை சொல்கிறாரே, எதை எழுதுவது? இரண்டையும் எழுதுங்கள். கேட்டகரீஸ் என்ற நூலில் முதன்மை உள்பொருள் இந்த மனிதன், இந்தக் குதிரை. மெட்டாபிசிக்ஸ் ஏழாம் நூலில், சீட்டா என்பார்கள், வடிவம்தான் முதன்மை உள்பொருள் என்று நகர்கிறார். கேட்டகரீஸில் 'எது உள்பொருள்?' என்பது கேள்வி. சீட்டாவில், மூலப்பொருளும் வடிவமும் என்ற பிரிவு வந்த பிறகு, 'அது உள்பொருளாக இருப்பது எதனால்?' என்று கேள்வியே ஆழமாகிறது. முரண் என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் இதைச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கை கொடுத்த எடுத்துக்காட்டு. சீட்டா 17இல் அரிஸ்டாட்டில் அசையை எடுத்துப் பேசுகிறார். 'பா' என்ற அசை வெறும் 'ப்'பும் 'ஆ'வும் இல்லை. பிரித்துவிட்டால் எழுத்துகள் இருக்கும், அசை இருக்காது. அப்படியானால் அசையில் எழுத்துகளைத் தவிர வேறொன்று இருக்கிறது. அந்த வேறொன்று இன்னொரு எழுத்து இல்லை, வடிவம். இதை ஒன்றாம் வகுப்பிலேயே உயிர்மெய்யாகப் படித்தவர்கள் நாம். க் + அ = க. மெய்யும் உயிரும் மூலப்பொருள், க என்று ஒன்றாய் நிற்பது வடிவத்தால். கிரேக்க எழுத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும், தமிழில் ஒரே எழுத்தாகவே மாறி நிற்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று நோட்டை மூடிவிட்டு மொட்டை மாடியில் வெகுநேரம் நடந்தேன். அதற்கப்புறம் வடிவம் என்றால் உருவ அமைப்பு என்று ஒருபோதும் எழுதவில்லை.

அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களை (மூலப்பொருள், வடிவம், இயக்குவது, நோக்கம்) நம் மூன்று காரணங்களோடு ஒப்பிடலாமா? கவனமாக. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கை தானாக ஒப்பிடப் போகும். மண்ணும் குயவனும் பொருந்தும். சக்கரத்தைக் கொண்டுபோய் வடிவக் காரணத்தில் பொருத்தாதீர்கள், அது கருவி. வடிவக் காரணத்துக்கும் நோக்கக் காரணத்துக்கும் அந்தப் பட்டியலில் தனி இடமே இல்லை. இயற்கைப் பொருள்களில் வடிவம், நோக்கம், இயக்கும் காரணம் மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும் என்று பிசிக்ஸ் இரண்டாம் நூலில் வருவதையும் சேருங்கள்.

சற்காரியவாதமும் உள்ளாற்றலும் ஒன்றா? எள்ளில் எண்ணெய் முன்பே இருக்கிறது என்பது சாங்கியம். விதை உள்ளாற்றலால் மரம் என்பது அரிஸ்டாட்டில். ஆனால் அந்த விதைக்கு முன் ஒரு முழு மரம் இருந்தாக வேண்டும், செயல்நிலையே முந்தியது என்பதில் அவர் பிடிவாதமாக நிற்கிறார். ஒற்றுமை ஒரு வரி, வேற்றுமை நான்கு வரி.

மேற்கோள்களில் 509டி, 1041பி என்றெல்லாம் எண் போடுகிறார்களே? முதல் வகை 1578இல் வந்த ஸ்டெபானஸ் பதிப்பின் பக்கம், பிளேட்டோவுக்கு. இரண்டாவது 1831இல் வந்த பெக்கர் பதிப்பின் பக்கம், அரிஸ்டாட்டிலுக்கு. பெரும்பாலான நல்ல மொழிபெயர்ப்புகளில் ஓரத்தில் இருக்கும். மனப்பாடம் வேண்டாம்.

கிரேக்க மொழி தெரிய வேண்டுமா? வேண்டாம். மேலே சொன்ன சொற்கள் போதும்.

என் அன்றாட முறை:

காலையில் மூலத்தில் ஐந்து பக்கம். அதற்கு மேல் ஓடாது.
மாலையில் ஒரே ஒரு 10 மதிப்பெண் கேள்வி, 150 சொல், கையால்.
எழுதியதைத் தத்துவம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது. என் அக்கா படித்தாள். அவள் "இந்தப் பொருள் எந்தப் பொருள்டா?" என்று கேட்ட இடமெல்லாம் திருத்தினேன்.
டெஸ்ட் சீரீஸ் சேரவில்லை. நான் மெதுவாக யோசிக்கிறவன், வாரம் ஒரு தேர்வு என்றால் பதற்றமே மிஞ்சும். உங்களுக்கு வேகம் பிடிக்குமென்றால் சேருங்கள்.

மூலத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: பிளேட்டோவின் ரிபப்ளிக் ஆறு, ஏழாம் நூல்கள், பீடோ, பார்மனிடிஸ் முதல் பாதி; அரிஸ்டாட்டிலின் கேட்டகரீஸ் ஐந்தாம் இயல், பிசிக்ஸ் இரண்டாம் நூல், மெட்டாபிசிக்ஸில் சீட்டா 1, 3, 17, பிறகு தீட்டா (ஒன்பதாம் நூல்) 8. சீட்டா 3 முதல் வாசிப்பில் புரியாது. எனக்கு நான்காவது தடவைதான் புரிந்தது. அதுவும் ஊசியா, ஹூலே இரண்டுக்கும் பென்சிலால் மேலே தனித்தனித் தமிழ்ச் சொல் எழுதிக்கொண்டு படித்தபோது.