பேர் வைக்கத்தான் பெரும்பாடு

எங்கள் குமரி மாவட்டத்தில் பேண்ட் ஆரம்பிக்க ஆளுக்குப் பஞ்சமே கிடையாது, கோயில் கொயரில் கீபோர்டு வாசிக்கிறவன், கல்யாணக் கச்சேரிக்கு ரிதம் பேட் அடிக்கிறவன், கிட்டாருக்காக வீட்டில் சாப்பிடாமல் அடம்பிடித்தவன், மூன்று பேரும் மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் சேர்ந்தால் போதும். முதல் பாட்டுக்கு முன்னாடியே லோகோ வந்துவிடும். பேர்தான் சிக்கல். நெருப்பு, இடி, இருட்டு என்று எதையாவது ஆங்கிலத்தில் வைத்தாக வேண்டும், அதுவும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத மாதிரி!

பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2003இல் தொடங்கிய பேண்ட் 'அவியல்' என்று வைத்துக்கொண்டது, நம் இலையிலும் விழுகிற கறிதான். 'தைக்கூடம் பிரிட்ஜ்' என்ற இன்னொரு பேண்டுக்குக் கொச்சியில் ஒரு இடத்தின் பேர், 2013இல் கப்பா டிவி என்ற மலையாளச் சேனலில் வந்ததும் கேரளா முழுக்கத் தெரிந்துவிட்டது. நம் பையன்களுக்கு நம் ஊர்ப் பேரான சுங்கான்கடையோ தேங்காப்பட்டணமோ ஏன் தோன்றுவதில்லை?

சரி, பேரை விடுங்கள், மேடை எங்கே? கிறிஸ்துமஸ், ஊர்த் திருவிழா, காலேஜ் விழா, அவ்வளவுதான். அங்கேயும் சொந்தப் பாட்டை எடுத்தால் இரண்டாவது வரியிலேயே சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்துவிடும். அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உங்கள் பாட்டை முழுசாகப் பாடி முடியுங்கள் மக்களே, அப்புறம் அவர்கள் கேட்டதைப் பாடலாம்.