தகரப் பட்டை போட்ட பிரஷ்

"அக்கா, இதில் தகரம் இருக்கிறதே?"

எங்கள் பட அச்சுக்கூடத்தில் என்னிடம் வேலை பழகியவன் கேட்டது இவ்வளவுதான். "நாலு தாள்தானே தம்பி, ஒன்றும் ஆகாது" என்றேன். இரண்டு வருடமாக இந்தப் பேச்சை ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். என் குரலில் எரிச்சல் இருந்ததா, அவசரம் மட்டும்தானா என்பது நாளுக்கொரு விதமாகத் தோன்றுகிறது.

அன்று வேறு வழியில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் காரணங்கள் இருக்கின்றன. மழைக்காலம். வெள்ளிக் கரைசலைத் தாளில் பூசி, ஒளி காட்டிப் பழுப்புப் படம் எடுக்கிற வான்டைக் பிரவுன் முறைக்கென்று வைத்திருந்த ஒரே ஹாக்கே பிரஷ் முதல் நான்கு தாளுக்குப் பிறகு சொதசொதவென்று ஊறிப்போயிருந்தது. ஆட்டு முடி, மரக் கைப்பிடி, நூல் தையல், உலோகமே கிடையாது. அதனால்தான் இந்த வேலை செய்கிறவர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் கழுவினால் காய அரைநாள் ஆகும். ஈரத்தோடு பூசினால் கரைசல் நீர்த்துக் கோடு கோடாக விழும். கண்ணாடிக் குச்சியால் இழுக்கலாம். அது கரைசலைக் குடிக்காது, மிச்சம். ஆனால் அச்சுக்கூடத்தை நடத்துகிற சாருக்குப் படத்தைச் சுற்றிப் பிரஷ் இழுத்த ஓரம் தெரிய வேண்டும். ஸ்பாஞ்ச் பிரஷ், ஊற்றியதில் பாதியைத் தானே குடித்துவிடும். எட்டுக்குப் பத்து அங்குலத் தாளுக்கு இரண்டு மில்லி அளந்து ஊற்றுகிற இடத்தில், வெள்ளி நைட்ரேட் விற்கிற விலைக்கு, அது கட்டுப்படியாகாது.

மேசை இழுப்பறையில் பெயின்ட் கடையில் வாங்கிய இரண்டங்குல பிரஷ் ஒன்று இருந்தது. பயிற்சி வகுப்புகளில், நீல நிறத்தில் படம் வரும் சயனோடைப் முறைக்கான கரைசலைப் பூச வைத்திருந்தது. அதை எடுத்தேன்.

சயனோடைப்பை 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். அதே வருடம் இரும்பு உப்போடு வெள்ளியைச் சேர்த்தும் அவர் அச்சு எடுத்துப் பார்த்தார். வான்டைக் பிரவுன் அந்த வழியில் வந்ததுதான். இரண்டுக்கும் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் என்ற இரும்பு உப்புதான் அடிப்படை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், பிரஷைப் பகிர்ந்துகொண்டால் என்ன என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூடப் பொய்யாக இருக்கலாம். பிறகு ஜோடித்துக்கொண்ட நியாயமோ என்னவோ.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன்: பூச்சு அருமையாக வந்தது. பிரஷைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு, நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை இழுத்தேன். ஹாக்கேயைப் போல முடி உதிரவில்லை. உதிர்ந்த முடியை ஊசிமுனையால் எடுக்கிற வேலையும் இல்லை. "பார்த்தாயா?" என்றுகூட அவனிடம் சொன்னேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெயில் வராததால் விளக்குப் பெட்டியில்தான் ஒளி காட்டினோம். ஐந்தாவது தாளைக் கழுவும்போது, படத்திலிருந்த பெரியவரின் நெற்றியில் தாளிக்கும்போது தெறித்த கடுகைப் போலக் கரும்புள்ளிகள் தெரிந்தன. ஆறு, ஏழு, எட்டிலும் அப்படியே. மறுநாள் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய எட்டில் நான்கு போயிற்று.

சார் வந்து தட்டைப் பார்த்துவிட்டு, "எந்த பிரஷ்?" என்றார்.

நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்ததும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவன், "வகுப்பு பிரஷ் சார். நேற்று நான் சரியாகக் கழுவவில்லை" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. முந்தின நாள் மாலை அந்த பிரஷை ஆணியில் தொங்கவிட்டிருந்தபோது முடியின் வேரில் நீலம் கண்டதை நானே பார்த்தேன். சயனோடைப் கரைசலில் சேர்க்கிற ஃபெரிசயனைடு உப்பு மிச்சமிருந்தால் அது வான்டைக் பூச்சைக் கெடுக்கும். ஆக, தவறு அவனுடையதாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தகரப் பட்டைக்குள் தண்ணீர் எங்கே போகும்? எத்தனை முறை கழுவினாலும் முடியும் பட்டையும் சேருகிற இடுக்கில் ஏதாவது தங்கத்தான் செய்யும். பட்டையில் தகரப் பூச்சு தேய்ந்து துரு வேறு தெரிந்தது. வெள்ளி நைட்ரேட் இரும்பில் பட்டால் வெள்ளி கருப்பாகப் படியும். இது எனக்குத் தெரியாததல்ல. சேர்ந்த முதல் வாரத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவன் கேட்ட கேள்வி என்னிடம் படித்த பாடம்.

கெட்டுப்போன தாளில் ஒன்றை வைத்திருக்கிறேன். புள்ளி கருப்பென்றால் தகரம், அதாவது நான். நீலமென்றால் கழுவாத மிச்சம், அதாவது அவன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் கருப்பு. ஒன்றிரண்டைச் சுற்றி மட்டும் நீலமாக ஒரு வளையம். முதலில் நிம்மதியாக இருந்தது. ஆனால் அரித்த இரும்போடு ஃபெரிசயனைடு சேர்ந்தாலும் நீலம்தானே வரும்? கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் சார் அவனைப் பூச விடவில்லை. தட்டு கழுவினான், தாள் வெட்டினான். நான் ஒவ்வொரு அச்சு முறைக்கும் தனித்தனி ஹாக்கே வாங்கி, கைப்பிடியில் நீல நூல், பழுப்பு நூல் கட்டித் தொங்கவிட்டேன். "இப்படி யோசிக்கிறவர்கள்தான் வேண்டும்" என்று சார் என்னைப் பாராட்டினார். அன்றும் அவன் அங்கேதான் நின்றான்.

வேறு வேலைக்குப் போனவன் சென்ற மாதம் பார்க்க வந்திருந்தான். தேநீர் குடித்துக்கொண்டே நூல் கட்டிய பிரஷ்களைத் தொட்டுப் பார்த்தான். "நல்ல ஏற்பாடு அக்கா" என்றான். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன், அப்படித் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் இழுப்பறையைத் திறந்து அந்த இரண்டங்குல பிரஷை எடுத்தான்.

"இது இங்கே தேவையில்லை என்றால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா அக்கா? வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்."

"எடுத்துக்கொள்" என்று ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.