ஏழாம் எண் எலியின் ஒளி

மார்ச் 5, 2024, செவ்வாய்

பத்துச் சுண்டெலிகளுக்கும் வால் சிரை வழியே இன்று ஒட்டுச் செல்களை, அதாவது வேறு எலியிலிருந்து மாற்றிப் பொருத்தும் மஜ்ஜைச் செல்களை, செலுத்தி முடித்தோம். அவற்றின் சொந்த மஜ்ஜையை இரு தவணைக் கதிர்வீச்சால் முன்னரே அழித்திருந்தோம். ஒவ்வோர் எலிக்கும் கிடைத்த சில நூறு ரத்த ஸ்டெம் செல்கள், அதாவது எல்லா ரத்த அணுக்களையும் உருவாக்கும் மூலச் செல்கள், மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதியை உருவாக்கும் மரபணுவைத் தாங்கியவை. எலி பிழைத்திருப்பதற்காக உடன் கொடுத்த துணைச் செல்களில் அந்த மரபணு இல்லை. எனவே இனி எந்த எலும்பில் ஒளி தெரிந்தாலும் அது அந்தச் சில நூறு செல்களின் வழித்தோன்றல்களுடையதே.

இரும்புத் துகளை ஏற்றி எம்ஆர்ஐ-யில் தேடும் முறையைவிட இதை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. செல் பிரியும்தோறும் உள்ளிருக்கும் இரும்பும் பாதி பாதியாகப் பிரிந்து மங்கிவிடும். செல் இறந்தாலோ, விழுங்கணுக்கள் அந்த இரும்பை எடுத்துக்கொள்வதால் படத்தில் கரும்புள்ளி அப்படியே நிற்கும். லூசிஃபெரேஸ் மரபணு மகள் செல்களுக்கும் குறைவின்றிச் செல்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் ஆக்சிஜனும் இல்லாமல் அந்த நொதி ஒளிராது என்பதால், இறந்த செல் இருண்டுவிடும்.

மார்ச் 11, திங்கள்

ஆறாம் நாள். முடி மழித்த எலிகளுக்கு வயிற்றறையில், அந்த நொதி ஒளியை உண்டாக்கத் தேவையான லூசிஃபெரின் என்ற பொருளை ஊசியில் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, மயக்க வாயுவில் உறங்கவைத்து, வெளிச்சம் புகாத பெட்டிக்குள் கிடத்தினோம். பூச்சியத்துக்குக் கீழ் 90 டிகிரி வரை குளிர்விக்கப்பட்ட கேமரா ஒரு நிமிடம் ஒளியைச் சேகரித்தது. திரையில் முதலில் எலியின் சாம்பல் நிறப் படம் வந்தது; அதன்மேல், மூன்றாம் எண் எலியின் இடது தொடையில், கடுகளவு நீலப் புள்ளி ஒன்று தோன்றியது. மண்ணீரல் பக்கம் இன்னொன்று.

1961-இல் டொரான்டோவில் டில், மெக்கலாக் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய எலிகளின் மண்ணீரலில், செலுத்திய செல்கள் பெருகி உருவான முடிச்சுகளை எண்ணித்தான் ஸ்டெம் செல் துறைக்கே அடித்தளமிட்டார்கள். ஆனால் எண்ணுவதற்கு எலியைக் கொல்ல வேண்டியிருந்தது. அந்த முடிச்சு மறுநாள் என்னவாகியிருக்கும் என்பதை அதே எலியில் பார்க்க வழியில்லை.

மார்ச் 14, வியாழன்

ஏழாம் எண் எலி முற்றிலும் இருட்டு. மற்ற ஒன்பதிலும் ஒளி இருக்க இதில் மட்டும் இல்லாததால், 'ஒட்டு ஏற்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். மாலையில் ஊசி போட்ட நேரத்தை நினைத்துப் பார்த்தபோது, எலி திமிறிய கணத்தில் ஊசியை வழக்கத்தைவிட ஆழமாக இறக்கியது நினைவுக்கு வந்தது. மருந்து குடலுக்குள் போயிருந்தால் செல்களுக்குப் போதிய லூசிஃபெரின் எட்டியிருக்காது. எழுதியதை அடித்துவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

ஏழாம் எண்ணுக்கு மறுபடி ஊசி போட்டுப் படமெடுத்தோம். முதுகெலும்பில் இரண்டு புள்ளிகள், வலது தொடையில் ஒன்று. தவறு என் கையில்தான் இருந்தது. பிழைக்கும் உயிரை 'தோல்வி' என்று கணக்கிலிருந்து நீக்கப் பார்த்தேனே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

மூன்றாம் எண்ணின் தொடைப் புள்ளி மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக மண்டையோட்டில் புதிதாக ஒன்று. ஒரே ஒரு ஸ்டெம் செல்லைச் செலுத்தியும் இவ்வாறு இடம் மாறுவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள்: சில ஒளிப் புள்ளிகள் வளர்ந்தன, சில அணைந்தன, வேறிடத்தில் புதியவை முளைத்தன. ஒருநாள் படத்தை மட்டும் வைத்து ஒட்டின் தலைவிதியைத் தீர்மானிக்க முடியாது என்பது இந்த வாரம் எனக்கு உறைத்தது. இந்தப் படம் ஆழத்தையும் சொல்லாது. ஹீமோகுளோபின் ஒளியை விழுங்குவதால், உடலின் உள்ளே இருக்கும் செல் தோலருகே இருப்பதைவிட மங்கலாகவே தெரியும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆறு ஆண்டுகளுக்கு முன் அக்கா மகனுக்கு மஜ்ஜை மாற்று நடந்தபோது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-ஐத் தாண்டி மூன்று நாள் நிலைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். "தம்பி, இன்னைக்காவது கவுன்ட் ஏறியிருக்குமாடா?" என்று அக்கா ஒவ்வொரு காலையும் கேட்பாள். மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

மின்மினி மரபணுவை நோயாளியின் செல்களில் ஏற்ற முடியாது. ஆனால் பிரியும் செல்களில் தங்கிவிடும் ஃப்ளூரோதைமிடின் என்ற மூலக்கூறில் கதிரியக்க ஃப்ளூரின்-18-ஐப் பொருத்தி, அந்தக் கதிர்வீச்சைப் படமாக்கும் பெட் ஸ்கேன் எடுக்கலாம்; ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடமே. அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மனிதர்களில் செய்து 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், ரத்தப் பரிசோதனை எதையும் காட்டாத ஐந்தாம் நாளிலேயே மஜ்ஜை மீள்வது படத்தில் தெரிந்தது. பிரியும் செல் கொடையாளருடையதா, நோயாளியுடையதா என்று அந்தப் படம் பிரித்துக் காட்டாது. இருந்தாலும், காத்திருக்கும் ஒரு தாய்க்கு அந்த ஐந்தாம் நாள் படம் எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும்.

இன்று ஏழாம் எண் எலிக்கு இருபத்தெட்டாம் நாள். வழக்கம்போல் ஒரு நிமிடம் வைத்தபோது கேமராவின் அளவு நிரம்பி முதுகெலும்பு முழுவதும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. ஐந்து நொடியாகக் குறைத்து மறுபடி எடுத்தோம்.