பீப்பாய்க்கண் மீன் மாதிரி: தலைக்கவசம் வரை வந்த வேலை

மேக்ரோபின்னா மைக்ரோஸ்டோமா என்னும் பீப்பாய்க்கண் மீனுக்கு உடல் செய்வது எளிது. பாலிமர் களிமண்ணை 15 செ.மீ. நீளத்துக்குப் பிடித்து, பெரிய செதில்களைக் கீறி, கறுப்பு வண்ணம் பூசினேன். வளர்ந்த மீனே ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த வாரம் முழுவதையும் தலை எடுத்துக்கொண்டது.

தலையின் மேல் ஒளி ஊடுருவும் கவசம். அதற்குள் திரவம், திரவத்துக்குள் குழாய் வடிவக் கண்கள். 1939-லேயே இந்த மீனை அறிவியல் பதிவு செய்துவிட்டது. ஆனால் வலையில் ஏறி வரும்போது கவசம் சிதைந்துவிடும். அதனால் பழைய படங்களில் அது இல்லை. கண்கள் மேல்நோக்கி நிலைகுத்தி நிற்பவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் தொலைவிலிருந்து இயக்கும் ஆழ்கடல் கலங்கள் 600 முதல் 800 மீட்டர் ஆழத்தில் படம்பிடித்த பிறகே, கடலாய்வாளர்கள் புரூஸ் ராபிசனும் கிம் ரைசன்பிக்லரும் 2008-இல் அந்த நம்பிக்கையைத் திருத்தினார்கள். கப்பல் தொட்டியில் சில மணி நேரம் உயிரோடிருந்த ஒரு மீன், உடலை நிமிர்த்தும்போது கண்களைச் சுழற்றியதை அவர்கள் நேரில் கண்டார்கள்.

ஆகவே தலையைக் கெட்டி ரெசினில் (ஊற்றினால் இறுகிவிடும் பிசின்) வார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கண்கள் திரும்பாவிட்டால் அது இந்த மீனே அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்து, உள்ளீடற்ற கூடாக எடுத்தேன். பச்சைக் கண்ணாடி மணிகள் இரண்டைக் கம்பி அச்சில் கோத்தேன். அந்தப் பச்சை அழகுக்காக அல்ல. மேலிருந்து கசியும் சூரிய ஒளியை அந்த நிறமி வடிகட்டிவிடுவதால், இரை தன் உடலிலிருந்தே உமிழும் உயிரொளி தனித்துத் தெரியும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கூட்டில் நீர் நிரப்பி, மாதிரியைத் தொட்டி நீரில் இறக்கியதும் கவசத்தின் விளிம்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. உள்ளேயும் வெளியேயும் நீர் என்பதால் ஒளி வளைய இடமில்லை. எனக்குப் பேரானந்தம். வாய்க்கு மேலிருக்கும் இரு குழிகளைத்தான் தங்கை மகள் கண்கள் என்றாள்; அவை மூக்குத் துளைகள். உண்மையான கண்களை அவளையே திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்தது துடுப்புகள். அகன்று தட்டையான அவற்றால்தான் மீன் நீரில் அசையாமல் நிற்கிறது. ஜெல்லிமீன்களின் உறவினமான சைஃபோனோஃபோர்களின் கொட்டும் இழைகளில் சிக்கிய சிற்றுயிர்களை இது கவர்ந்து உண்பதாகக் கருதப்படுகிறது. கவசம் கண்களைக் காப்பதும் அப்போதுதான் என்று கருதுகிறார்கள். தூண்டில் நரம்பில் அப்படி ஓர் இழைக்கொத்தும் செய்து மீனுக்கு மேலே தொங்கவிடப் போகிறேன்.