மந்திரவாதி எத்தனை மணிக்குத் தூங்கலாம்?

மே 25

நான் நடத்துகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில் எல்லோரும் ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டார்கள். தம்பியின் மந்திரவாதிக்குத் தீப்பந்து கிடைத்திருக்கிறது. உருட்ட எட்டு ஆறுமுகக் கட்டைகள் (பகடைகள்), சராசரியாக 28 சேதம், இருபதடி ஆரத்துக்குள் நிற்கிற அத்தனை பேருக்கும். தப்பித்தால்கூடப் பாதி விழும். பற்றைக்குள் பதுங்கியிருந்த கொள்ளைக் கூட்டம் அந்த ஒன்றிலேயே முடிந்தது. மச்சானின் வீரனுக்கும் இதே லெவலில்தான் இரண்டாவது வெட்டு வருகிறது. பலம் 18, கையில் நீள்வாள்: வெட்டுக்கு எட்டரை, இரண்டும் பட்டால் 17, அதுவும் ஒரே ஆளுக்கு.

"நான் இனி இவருக்குப் பை தூக்கிறதோ?" என்று மச்சான் கேட்டார். பகிடிதான், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

மே 27

கரண்ட் போன இரவு, போனில் பழைய விதிகளை வாசித்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோது வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்று வகுப்புகள்தான், அதாவது பாத்திர வகைகள். திருடன் சேர்ந்தது 1975இல். 1981 பதிப்பில் இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1200 அனுபவப் புள்ளி போதும், வீரனுக்கு 2000, மந்திரவாதிக்கு 2500. முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம், உயிரோ நாலுமுகக் கட்டை ஒன்று. பிழைத்துக் கிடந்தால் பிறகு ராசா. 2000இல் புள்ளி அட்டவணையை எல்லோருக்கும் ஒன்றாக்கினார்கள், மந்திரவாதியின் வளர்ச்சியை மட்டும் அப்படியே விட்டார்கள். அங்கேதான் தராசு சாய்ந்தது என்பது என் எண்ணம்.

2008 பதிப்பு எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்தது. நினைத்தபோதெல்லாம் செய்வது, சண்டைக்கு ஒருதரம், நாளுக்கு ஒருதரம். கணக்கு சரி. ஆனால் வாளும் மந்திரமும் ஒரே ருசி.

ஜூன் 1

தீப்பந்தைக் குறைக்கச் சொல்லி மச்சான் கேட்கிறார். மாட்டேன். 2014 நடத்துநர் கையேடு ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டுச் சண்டை வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. நாங்கள் ஒரு சண்டை பிடித்துவிட்டு உடனே பாய் விரிக்கிறோம்! ஐந்தாம் லெவலில் தீப்பந்து இரண்டு தரம்தான், நாளுக்கு ஒருதரம் ஒரு மணி நேர ஓய்வில் இன்னொன்றை மீட்கலாம். ஒரே சண்டை என்றால் அது பெருஞ்செல்வம், ஆறு சண்டை என்றால் பங்கீட்டு அரிசி. வீரன் மூச்செடுத்து எழும்புவதும் கூடுதலாக ஒருதரம் பாய்வதும் ஒரு மணி நேரக் குறுகிய ஓய்விலேயே திரும்பி வந்துவிடும். மந்திரவாதிக்குத்தான் மந்திரம் முழுக்கத் திரும்ப எட்டு மணி நேர முழு ஓய்வு வேண்டும்.

ஆகவே தூக்கத்தில் கை வைத்தேன். எங்கள் கதை மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகிறது, தார் ரோட்டை எடுத்துவிட்டு முழுக்கக் காடாக்கி வைத்திருக்கிறேன். யானைக் காட்டில் எவன் எட்டு மணி நேரம் அசந்து தூங்குவான்? காட்டில் இரவு முழுக்கப் படுத்தாலும் குறுகிய ஓய்வின் பலன்தான். முழு ஓய்வு வேண்டுமென்றால், வயலில் ஆள் காவல் இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். கையேட்டில் இதைவிடக் கடுமையான மாற்று விதி உண்டு: ஓர் இரவு குறுகிய ஓய்வு, ஏழு நாள் முழு ஓய்வு. அவ்வளவுக்குப் போனால் தம்பி எழும்பிப் போய்விடுவான்.

ஜூன் 9

விளையாட்டு இல்லை. எல்லோரும் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்விட்டார்கள்.

ஜூன் 15

சோழகக் காற்று தாள்களைப் பறக்கடித்ததால் உள்ளே இருந்து விளையாடினோம். முதல் சண்டையிலேயே தம்பி ஒரு தீப்பந்தை எரித்தான். மற்றதைக் கடைசிவரை கையை விட்டு விடவில்லை, கஞ்சன் மாதிரி. மூன்றாவது சண்டை ஒடுங்கிய குளக்கட்டில். மச்சானின் வீரன் எதிரிகளோடு உரசிக்கொண்டு நிற்கிறான், தீப்பந்து விட்டால் அவனும் வேகுவான். குளக்கட்டை அவர் தனியாகவே பிடித்து வைத்திருந்தார். எழும்பி நின்றுதான் கட்டை உருட்டினார்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் திருடிதான் இன்று எனக்குப் புதினம். அவளுடைய பதுங்கித் தாக்குதல் மூன்று ஆறுமுகக் கட்டை, எந்த ஓய்வும் தேவையில்லை, தீர்ந்தும் போகாது. "நான் முதலிலிருந்து இதைத்தானே செய்யிறன் அண்ணா, நீங்கள் ஒருத்தரும் பார்க்கேல்லை" என்றாள். பூட்டுத் திறக்கிற மந்திரத்தைப் படித்து அவள் வேலையையும் பறிக்கத் தம்பி பார்த்தான். அந்த மந்திரத்தின் சத்தம் முந்நூறு அடிக்குக் கேட்கும் என்று விதியைக் காட்டினேன். கம்பியை அவளிடமே கொடுத்தார்கள்.

அடுத்த கிழமை மச்சாளும் வருகிறா. உருமாறுகிற வனத்துறவி வகுப்பு, யானையாக வேண்டுமாம். அந்த வகுப்புக்கு ஐந்தாம் லெவலில் சவால் மதிப்பு (மிருகத்தின் பலத்தைக் காட்டுகிற எண்) அரை வரை உள்ளதாகத்தான் மாறலாம், யானைக்கு 4. காட்டுப்பன்றிக்குக் கால் மதிப்பு, அது இப்போதே ஆகலாம் என்றேன். பன்றியென்றால் தான் வரவில்லையாம்.