சிலீட் தொடுதிரை லினக்ஸில் விரலுக்குப் பணிந்துவிட்டது

விண்டோஸ் 8.1 உடன் வந்த 8 அங்குல டேப்லெட்டில் டெபியன் லினக்ஸ் ஏறி ஓடிக்கொண்டிருந்தது, தொடுதிரை மட்டும்தான் பாக்கி. நேற்று அதுவும் முடிந்தது. பிராசஸர் இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ரேம். 64-பிட் பிராசஸருக்கு 32-பிட் யுஇஎஃப்ஐ (கருவியை எழுப்பும் மென்பொருள்) வைத்த கதையை இங்கே விடுகிறேன். இந்த இரண்டையும் இணைத்து ஓட்டும் மிக்ஸட் மோடு, லினக்ஸின் மையமான கெர்னலில் 3.15-லேயே வந்துவிட்டது. வைஃபை சிப் ஆர்டிஎல்8723பிஎஸ், ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) பொதியைப் போட்டதும் எழுந்துவிட்டது.

பாடாய்ப் படுத்தியது தொடுதலை உணரும் சிலீட் சிப்தான். அதற்குள் நிரந்தரமாக எதுவும் பதிந்திருப்பதில்லை. மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் கெர்னலில் அதை இயக்கும் டிரைவர்தான் ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். அந்த ஃபர்ம்வேரும் மாடலுக்கு மாடல் வேறு. கெர்னல் லாகில் (நிகழ்வுப் பதிவில்) ‘பிழை -2’ என்று வந்தால் சிப் கெட்டுப்போகவில்லை, கோப்பு கிடைக்கவில்லை என்றே பொருள்.

பலர் திரட்டி வைத்திருக்கும் சிலீட் ஃபர்ம்வேர் தொகுப்பில் என் மாடல் இல்லை. நல்லவேளை, விண்டோஸை அழிக்கும் முன்பே அதன் டிரைவர் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்திருந்தேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து அதை முதலில் செய்யுங்கள். சிலீட் டிரைவர் கோப்பை கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து ‘எஃப்0 00 00 00 02 00 00 00’ என்ற தொடக்கத்தைத் தேடினேன். அங்கிருந்து முகவரி 4 பைட், மதிப்பு 4 பைட் என்று எட்டெட்டாக அட்டவணை நீள்கிறது. அந்த ஒழுங்கு கலையும் இடம் வரை வெட்டி, லாகில் கேட்ட பெயரிலேயே ஃபர்ம்வேர் ஃபோல்டரின் சிலீட் பிரிவில் வைத்தேன். பிழை போய்விட்டது!

ஆனால் வலது ஓரத்தில் தொட்டாலும் சுட்டி இடது பாதியைத் தாண்டவில்லை. அளவு சொல்லாவிட்டால் டிரைவர் இரு அச்சுகளையும் 0 முதல் 4095 வரை என்று எடுத்துக்கொள்கிறது; திரை உண்மையில் தருவது அதில் பாதிகூட இல்லை. தொடுதலின் எண்களைக் காட்டும் ஈவிடெஸ்ட் கருவியை ஓடவிட்டு நான்கு மூலைகளையும் நிதானமாகத் தேய்த்து உச்ச எண்களைக் குறித்துக்கொண்டேன். என் திரை தலைகீழாகவும் இருந்தது. இங்கே வரிசை மிக முக்கியம்: அச்சைத் திருப்பும்போது உச்ச மதிப்பிலிருந்து தொட்ட மதிப்பைக் கழித்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆகவே அளவு சரியாகும் முன் திருப்பினால் எல்லாத் தொடுதலும் திரைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். முதலில் அளவு, அப்புறம் திருப்பல்.

புதிய கெர்னல்களில் இதையெல்லாம் பூட் வரியிலேயே (கெர்னல் தொடங்கும்போது அதற்குத் தரும் கட்டளை வரி) கொடுக்கலாம், மறுதொகுப்பு தேவையில்லை. பழைய கெர்னல் வைத்திருப்பவர்கள் யுடெவ் விதியில் (கருவிகளுக்கான அமைப்புக் கோப்பு) லிப்இன்புட் அணியை, அதாவது தொட்ட இடத்தை மாற்றிக் கணக்கிடும் ஆறு எண்களை எழுதலாம். இரு அச்சையும் திருப்ப ‘-1 0 1 0 -1 1’. பூட் வரித் திருப்பலையும் இந்த அணியையும் சேர்த்துப் போடாதீர்கள், திருப்பியது மறுபடி திரும்பிவிடும்.

இப்போது பிடிஎஃப் பக்கங்களை விரலால் தள்ளிப் படிக்கிறேன். இரண்டு விரல் பெரிதாக்கலும் துல்லியமாக வருகிறது. இவ்வளவு பழைய கருவியில் இது கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கீபோர்டு, பென்டிரைவ் இரண்டையும் மாட்ட ஓடிஜி ஹப் (டேப்லெட்டின் யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் இணைப்பான்) வாங்குவதானால், மாட்டியிருக்கும்போதே டேப்லெட்டும் சார்ஜ் ஆகுமா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான ஹப்களில் ஆகாது, பாதி நிறுவலில் பேட்டரி தீர்ந்தால் நரகம்.

கேமராவைத் தொடப் போவதில்லை. அடுத்தது ஒலி: ஸ்பீக்கர் பாடுகிறது, ஹெட்ஃபோன் செருகினால் மாறவில்லை. ஒலிச் சிப்பான ஆர்டி5640-இன் டிரைவரில் குவிர்க் (கருவிக்குக் கருவி மாறும் அமைப்பு) மதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.